சாட்சிக்கு ஓர் எழுத்து

கிழக்குத் தாம்பரம்,
11-2-1973, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான ஹில்டாவுக்கு,

அசரியா எழுதுவது. நான் சுகம். நீயும் புஷ்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது, வந்தது ஒரே ஒரு போஸ்ட்கார்டு. அதிலும் பாதி இடத்தை உன் புதுப் பள்ளிக்கூடத்துக் கிணறு பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியைக்கு வேலை அதிகம்தான். பதவிகளைப் பற்றி எனக்கும் தெரியும், முக்கியமாக எனக்குத் தராத பதவிகளைப் பற்றி.

இங்கே மின்வெட்டு முக்கால் பங்குக்கு ஏறிவிட்டது. எனாமல் சூளை ஒருமுறை ஆறினால் மறுபடி சூடேற இரண்டு நாள் ஆகும், அதற்குள் கரண்ட் போய்விடும். கம்பெனி சூளையை நிறுத்திவிட்டது. போன திங்கள், ஐந்தாம் தேதி முதல் லே-ஆப். வேலை கிடையாது, வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. ஆள் தினமும் எட்டு மணிக்கு வாசலுக்கு வந்து தலையைக் காட்ட வேண்டும். காட்டினால் பாதிக் கூலி, லே-ஆப் முடிந்த பிறகு மொத்தமாக. காட்டாத நாளுக்கு அதுவும் இல்லை. என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு லே-ஆப் இல்லை என்றாலும், நானும் எட்டு மணிக்கு வாசலில் மேஜை போட்டு உட்கார வேண்டும். டைம் கீப்பர் இல்லாமல் யார் வந்தார், யார் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

வழக்கமாகப் பித்தளை டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். இப்போது டோக்கனைப் பூட்டிவிட்டோம், ரிஜிஸ்தரில் கையெழுத்து. கையெழுத்துத் தெரியாத சூளை ஆட்கள் பதினேழு பேர். முதல் நாள் கைநாட்டு வைக்கச் சொன்னேன். ஊதா மை நாலு கட்டத்துக்குப் பரவிவிட்டது. மானேஜர் பார்த்துவிட்டு, "மிஸ்டர் அசரியா, இது ரிஜிஸ்தரா, ஹோலிப் பண்டிகையா?" என்றார். "நீங்கதான் ஆளைக் கண்ணால பாக்கறீங்களே. பாத்ததுக்கு அடையாளமா ஒரு இனிஷியல் போடுங்க. ஒரு எழுத்து போதும்." அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். இப்போது அந்தப் பதினேழு பேர் கட்டத்திலும் சாட்சிக்கு நான் ஒரு A போடுகிறேன். அசரியாவின் A. பதினெட்டாவதாக என் பெயர். அதற்கு நேரேயும் அதே எழுத்துத்தான். என் கம்பெனியில் நான் வந்தேன் என்பதற்கு நானே சாட்சி. நல்ல உத்தியோகம்.

ஏகநாதனை உனக்குத் தெரியும். சூளையில் முதல் ஆள், கம்பெனி நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவன் அப்பா கேழ்வரகு போட்டாராம், அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. நீ ஊருக்குப் போன மறுவாரம் மூன்று நிமிடம் தாமதமாக வந்தான். அரை நாள் பிடித்தேன். வாசலில் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "இன்னா சார், ஊருக்கெல்லாம் ஆப்சென்ட் போடுற. இப்ப உன் வூட்லயே அம்மா ஆப்சென்ட்டாமே! அரை நாளா, முழு நாளா சார்?" முப்பது பேர் சிரித்தார்கள். நான் எண்ணினேன்.

இதற்கு நீதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை எழுதினேன்.

புஷ்பத்துக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
ஏசுதாசன் அசரியா


நாசரேத்,
17-2-1973

அன்புள்ள அத்தானுக்கு,

ஹில்டா எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. கிணற்றைப் பற்றி இனி எழுத மாட்டேன். தண்ணீர் உப்பு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், புஷ்பத்துக்குத் தலைமுடி கொட்டுகிறது, "அப்பாட்ட தாம்பரம் தண்ணிய பார்சல்ல அனுப்பச் சொல்லும்மா" என்கிறாள். ஆறாம் வகுப்பில் கணக்கில் முதல். உங்கள் மகள்.

நான் வந்தது உங்களை விட்டுவிட்டு அல்ல, அத்தான். அதைப் பேசித்தான் வந்தேன். நீங்கள் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆள் கேலி பேசியது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது பேர் சிரித்ததை எண்ணியவர், எத்தனை பேர் சிரிக்கவில்லை என்றும் எண்ணியிருக்கலாம்.

இன்னொன்று. பதினைந்து வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறவள் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. எந்தப் பதிவேட்டிலும் ஒருவர் பெயருக்கு நேரே A இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு வேறொருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அது உங்கள் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் எனக்கு ஒரு போஸ்ட்கார்டில்கூட நீங்கள் ஒற்றை எழுத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. எப்போதும் மாமா பெயரும் சேர்த்து முழுப் பெயர். அதையே அங்கேயும் போடுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் எழுத்தைச் சின்னதாக்குங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஹோட்டல் சாம்பாரில் உங்களுக்கு நெஞ்செரிச்சல் வரும்.

அன்புடன்,
ஹில்டா


கிழக்குத் தாம்பரம்,
4-3-1973, ஞாயிறு

பிரியமான ஹில்டாவுக்கு,

சுகம். நீ சுகமாக இருக்க ஜெபம்.

உன் புத்திமதி வந்தது. நான் தாம்பரம் கல்லூரியில் படித்து ஆங்கிலத்தில் பி.ஏ. வாங்கியவன். A என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மானேஜர் வாய்விட்டுச் சொன்ன உத்தரவு, நான் அதன்படி செய்கிறேன். பத்தொன்பது வருடம் உத்தரவின்படி செய்ததில் எனக்கு என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம். என்னைவிடப் பத்து வயது இளையவன் சம்பந்தம் பர்சனல் ஆபீசராகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நான் வாசலில், மடக்கு நாற்காலியில்.

டைம் ஆபீஸ் கடிகாரம் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போன இடத்தில் நின்றுவிடும், வந்தால் அங்கிருந்தே ஓடும். இப்போது அது காட்டுவது எந்த ஊர் நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் மின்சார ரயில் சத்தத்தை வைத்து வருகிறார்கள். அது வராத நாளில் ஏழு மணிக்கே வந்து நின்றுவிடுகிறார்கள். ஒருவரும் தவறுவதில்லை. எனக்கே ஆச்சரியம். வேலை இருந்தபோது இவர்களை நேரத்துக்கு வரவழைக்க எவ்வளவு பாடுபட்டேன்!

தலையைக் காட்டிவிட்டு ஏகநாதன் கோவிலம்பாக்கத்துக்கு நடந்தே போகிறான், அங்கே யாருக்கோ கிணறு வெட்டுகிறானாம். நம் சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவாரே சுவிசேஷமுத்து, அவர் எங்கேயும் போவதில்லை. இருபது வருடம் எனாமல் கூழில் பாத்திரத்தை முக்கி எடுத்தவர், கை எப்போதும் முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். இப்போதுதான் அது அவருடைய நிறத்துக்கு வந்திருக்கிறது. எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன சுவிசேஷமுத்து?" என்றேன். "வேற யாரோ கை மாதிரி கீது சார்" என்றார்.

சம்பந்தம் வியாழக்கிழமை வந்து ரிஜிஸ்தரை உள்ளே எடுத்துப்போனான். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். "நீட்டா எழுதறீங்க சார், இப்படியே போகட்டும்" என்றான். இத்தனை வருடத்தில் அவன் என் கையெழுத்தைப் பாராட்டியது அன்றைக்குத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று நீ எழுதுவாய். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஏசுதாசன் அசரியா


கிழக்குத் தாம்பரம்,
1-4-1973, ஞாயிறு

பிரியமான ஹில்டாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போட நேரம் இல்லை, மனமும் இல்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினேழு பெயர்கள். 'பிப்ரவரி 5 முதல் மார்ச் 28 வரை நாற்பத்தைந்து வேலை நாட்கள் தொடர்ந்து ஆஜராகாததால், தாங்களாகவே வேலையை விட்டு நின்றவர்களாகக் கருதி' என்று ஆரம்பம். நின்றவர்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது, அது உனக்கும் தெரியும். அவர்களுக்கு நோட்டீஸைப் படிக்கத் தெரியாது. தினமும் வருகிறது போல வந்து வரிசையில் நின்றார்கள். வேறொருவன் படித்துச் சொன்னான். யாரும் சத்தம் போடவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை ஏகநாதன் மனைவி அஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு ஒரு நாளாவது வராம இருந்தாரா?"

"நோட்டீஸ் மானேஜர் போட்டதும்மா."

"நா அத்த கேக்கல. வந்தாரா, வரலியா? நீதான சார் பாத்துகினு இருந்த. எங்கம்மா செத்த அன்னிக்கு, பொணத்த வூட்ல போட்டுட்டு, எட்டு மணிக்கு ஓடியாந்து உன் மூஞ்சில முழிச்சிட்டு, அப்பறமா போயி பாட கட்னாரு. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் தோளில் ஈரத்துண்டு இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வாணாம் சார். உன் வூட்ல தண்ணி குடிச்சா அதுக்கும் இன்னா எழுதிக்குவியோ" என்று சொல்லிவிட்டு, நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை அதே படியில் இருந்தாள்.

இனி நல்ல செய்தி. மானேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. மே முதல் தேதியிலிருந்து என்னைப் பர்சனல் அசிஸ்டென்ட் ஆக்குகிறார்களாம். உள்ளே மேஜை, மின்விசிறிக்குக் கீழே. யூனியன் இந்த விவகாரத்தைச் சர்க்காரின் சமரச அதிகாரியிடம் கொண்டு போயிருக்கிறது. 16-ம் தேதி விசாரணை. "நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிஸ்டர் அசரியா. ரிஜிஸ்தர்ல A-ன்னா வழக்கமா என்னவோ அதைச் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லலை" என்றார்.

நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஜூனில் வந்துவிடு. புஷ்பத்தை இங்கேயே சேர்ப்போம். நல்ல தண்ணீர் இருக்கிறது. ஒருவர் வீட்டில் ஆப்சென்ட் என்று இனி எவனும் பேச மாட்டான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
ஏசுதாசன் அசரியா


நாசரேத்,
7-4-1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நல்ல செய்தி எது என்று தெரிந்துகொள்ள.

அது உங்கள் பெயரின் முதல் எழுத்து என்று பிப்ரவரியில் நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்போது அது உங்கள் பெயர். ஏப்ரலில் அது எப்படி வேறொன்றாக மாறும்? மானேஜர் பொய் சொல்லச் சொல்லவில்லையாம். அவர் கெட்டிக்காரர். ஒரு வார்த்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்கிறார்.

ஏகநாதன் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கட்டும். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, என்னை வைத்துத்தானே பேசினான். அவன்மேல் இருக்கிற கோபத்தில் மற்றப் பதினாறு பேருக்கு என்ன சம்பந்தம்? சுவிசேஷமுத்து அண்ணன் உங்களை என்ன செய்தார்? புஷ்பத்தின் ஞானஸ்நானத்துக்குத் தம் வீட்டில் வெந்த இடியாப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

16-ம் தேதி போய், அது என் பெயர் என்று சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும். அன்றைக்கே ரயில் ஏறி இங்கே வாருங்கள். என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம், உப்புத் தண்ணீர்தான். அல்லது நான் அங்கே வருகிறேன். எதுவானாலும் சரி. இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு என்னிடம் கேளுங்கள்.

செய்யாவிட்டால் நான் எப்படி அங்கே வந்து அந்தப் படியில் கால் வைப்பேன், அத்தான்? அஞ்சம்மாள் உட்கார்ந்த படி.

அன்புடன்,
ஹில்டா


கிழக்குத் தாம்பரம்,
22-4-1973, உயிர்த்தெழுந்த ஞாயிறு

ஹில்டாவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். காலை ஆராதனைக்குப் போய் வந்தேன். பாட்டு நன்றாக இருந்தது என்றார்கள்.

16-ம் தேதி விசாரணை நடந்தது. நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சமரச அதிகாரி வயதானவர், மின்விசிறி ஓடவில்லை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த A எதைக் குறிக்கிறது?"

"ஆப்சென்ட்" என்றேன்.

அது பொய் இல்லை. பத்தொன்பது வருடமாக அந்த ரிஜிஸ்தரில் அந்த எழுத்துக்கு அதுதான் அர்த்தம். நீயே எழுதினாய், எந்தப் பதிவேட்டிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று. உன் வார்த்தையைத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்.

ஏகநாதன் எழுந்தான். "சார், என் மூஞ்ச பாத்து சொல்லு" என்றான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். வாட்ச்மேன் விரட்ட முடியாது, அது சர்க்கார் ரோடு. சத்தமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னான்: "ஏகநாதன் வந்துகீறேன் சார். எழுதிக்க." சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்கு மறுநாளும் அதே. வியாழக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய வெள்ளிக்கு விடுமுறை. நேற்று பதினாறு பேர். அவர்கள் ஏசினால் போலீஸுக்குச் சொல்லலாம். பெயரைச் சொல்வதற்கு என்ன செக்ஷன் இருக்கிறது?

பதினேழாவது சுவிசேஷமுத்து. விசாரணைக்கு மறுநாள் காலை வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லையாம். முடிச்சூர் ஏரிக்கரையில் பார்த்ததாக ஒருவர், செங்கல்பட்டு ரயிலில் பார்த்ததாக ஒருவர். இன்று ஆராதனையில் அவர் மனைவி சாராள் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். பாட்டுப் புத்தகம் இரண்டு கொண்டு வந்திருந்தாள்.

மே முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. எப்போது வருகிறாய் என்று எழுது.

ஏசுதாசன் அசரியா


கிழக்குத் தாம்பரம்,
20-5-1973, ஞாயிறு

ஹில்டாவுக்கு,

பண்டிகைக் கடிதத்துக்குப் பதில் இல்லை. இடையில் போட்ட இரண்டு கார்டுகளுக்கும் பதில் இல்லை. புஷ்பம் எழுதிய நாலு வரி மட்டும் வந்தது. அதில் 'அம்மா சுகம்' என்று இருக்கிறது. சந்தோஷம்.

மே முதல் தேதி போயிற்று. மேஜை வரவில்லை. கரண்ட் பாதி வந்துவிட்டதால் சூளையை ஏற்றிவிட்டார்கள். சூளைக்குப் புது ஆட்கள், எங்கிருந்தோ லாரியில் வருகிறார்கள், பாதிக் கூலி, எல்லாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். பழைய பதினேழு பேரும் சூளையிலேயே அதிக வருட சர்வீஸ் உள்ளவர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

போன வெள்ளிக்கிழமை சம்பந்தம் ஒரு கவரைக் கொடுத்தான். பதவி உயர்வு என்று நினைத்து அவன் முன்னாலேயே பிரித்தேன். 'பிப்ரவரி 5 முதல் மார்ச் 28 வரை நாற்பத்தைந்து வேலை நாட்கள் தொடர்ந்து ஆஜராகாததால்' என்று ஆரம்பம். பதினெட்டாவது வரிசை. என் பெயர், அதற்கு நேரே நாற்பத்தைந்து A.

"என்ன சம்பந்தம் இது? நான் வரவில்லை என்றால் இந்த எழுத்தையெல்லாம் யார் எழுதினது?"

"A-ன்னா என்னன்னு நீங்கதானே சார் ஆபீசர் முன்னாடி சொன்னீங்க? ரெக்கார்டு ஆயிடுச்சே."

"அது பதினேழு பேருக்கு."

"அப்ப உங்களுக்கு மட்டும் வேற அர்த்தமா? போய் அதே ஆபீசர்கிட்டயே சொல்லுங்க சார். எது பொய்னு கேப்பார், அதையும் சொல்லுங்க."

நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். பேசி வைத்த பேச்சு. நான் உயிரோடு உள்ளே இருந்தால் அவர்களுக்கு ஆபத்து என்று ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்த அந்த வியாழக்கிழமையே கண்டுகொண்டிருக்கிறார்கள். நான் என்னைத் தவிர எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று எட்டு மணிக்கு, வேறு போக்கிடம் தெரியாமல், வாசலுக்குத்தான் போனேன். உள்ளே விடவில்லை. திரும்பினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏகநாதன். அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ள அங்கே ஆள் இல்லையே. சுவரோர நிழலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் வெயிலில் நின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 11-ம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தில் அது என் பெயரின் எழுத்து என்று தெளிவாக எழுதியிருக்கிறேன், என் வரிசையைப் பற்றியும். மேலே தபால் முத்திரை தேதியோடு இருக்கும். உலகத்தில் எனக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. நீ என் கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பாய். அதை ரிஜிஸ்தர் தபாலில் உடனே அனுப்பு. அதை அதிகாரியிடம் எப்படி, எவ்வளவு காட்டுவது என்று நான் யோசித்துக்கொள்கிறேன். என் வரிசையைப் பற்றிய வரி மட்டும் போதும்.

உடனே அனுப்பு.

ஏசுதாசன் அசரியா


நாசரேத்,
26-5-1973

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தக் கடிதம் என்னிடம் இல்லை.

உங்கள் பண்டிகைக் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு பிள்ளைக்கு A போட வேண்டியிருந்தது, அம்மை போட்டிருந்தது. என்னால் போட முடியவில்லை. 'வரவில்லை' என்று முழுதாக எழுதினேன். சாயங்காலம் டின்னைத் திறந்து பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து, தாம்பரத்தில் என்னோடு வேலை பார்த்த செல்வமேரி டீச்சருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அவள் அதை அஞ்சம்மாளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, யூனியன் வழியாகச் சமரச அதிகாரியிடம் சேர்த்திருக்கிறாள். மறு விசாரணை ஜூன் 11, திங்கள், காலை பத்து மணி.

உங்களுக்குச் சொல்லாமல் செய்தேன். சொன்னால் நீங்கள் கேட்டுக்கொள்ள மாட்டீர்கள், சொல்லிவிட்டேன் என்ற திருப்தி மட்டும் எனக்கு இருந்திருக்கும். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை. உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்று நினைப்பீர்கள். நானும் இராத்திரியில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது உங்கள் கடிதத்தைப் பார்த்தபின், அதை அனுப்பியது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று தெரிகிறது. பதினேழு வரிசையும் பதினெட்டாவது வரிசையும் ஒரே தாளில் இருக்கின்றன. உங்கள் வரியை மட்டும் கத்தரித்து எடுக்க முடியாது, அத்தான்.

ஜூன் 11 அன்று போங்கள். ஏகநாதனுக்குப் பக்கத்தில் நின்று, போன தடவை நான் சொன்னது தப்பு, அது என் பெயர் என்று சொல்லுங்கள். அதிகாரி திட்டுவார். மானேஜர் கேஸ் போடலாம். நானும் புஷ்பமும் 13-ம் தேதி காலை எழும்பூரில் வந்து இறங்குவோம், டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து மூவரும் எங்கே போவது என்று அப்போது பார்ப்போம். நீங்கள் போனால் செல்வமேரி எனக்குத் தந்தி கொடுப்பாள். தந்தி வராவிட்டால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு நான் கேட்க ஒன்றும் இருக்காது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் முழுப் பெயராகப் போடுங்கள்.

அன்புடன்,
ஹில்டா ஞானஜோதி அசரியா


கிழக்குத் தாம்பரம்,
17-6-1973, ஞாயிறு

ஹில்டாவுக்கு,

தந்தி வந்திருக்காது.

11-ம் தேதி சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு எட்டரைக்கே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட்டும் வாங்கினேன். அது உனக்குத் தெரிய வேண்டும். முதல் வண்டியில் கூட்டம். இரண்டாவதில் சம்பந்தம் ஏறுவதைப் பார்த்தேன். மூன்றாவது வண்டி காலியாகத்தான் இருந்தது. முப்பது பேர் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் பார்க்க, நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டரை மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஏகநாதன் வந்தான். படியில் உட்காரவில்லை, கீழே நின்றே சொன்னான்.

"ஆயிடுச்சி சார். உன் லெட்டர ஆபீசரு படிச்சாரு. பதினேழு பேரயும் திருப்பி எடுத்துக்கணும்னு கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுக் குட்த்துட்டான்."

"சரி" என்றேன்.

"பேரு கூப்ட்டாங்க சார், ஒவ்வொண்ணா. சுவிசேஷமுத்து பேரு வந்திச்சி. அப்பறம் சாராளக்கா எழுந்திரிச்சி, 'அவுரு இப்ப இல்ல சார், ஆனா அந்த நாப்பத்தஞ்சி நாளும் வந்தாரு'ன்னிச்சி. ஆபீசரு பேனாவ கீழ வெச்சிட்டாரு. கடசியா உன் பேரு. மூணு தபா கூப்ட்டாரு. உனக்காவ எழுந்திரிச்சி சொல்ல யாரும் இல்ல சார். நா சொல்லலாம்னுதான் பாத்தேன். மாமியா செத்த அன்னிக்கு உன் மூஞ்சில முழிச்சவன் நானு, நீ வந்தேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா வாய் வரல."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பறம் ஆபீசரு உன் பேருக்கு நேரா ஒரு எழுத்துப் போட்டாரு. எனக்கு எழுத்து தெரியாது சார். ஆனா அந்த ஒரு எழுத்து மட்டும் இப்ப எனக்குத் தெரியும்."

கும்பிட்டுவிட்டுப் போனான். நிஜமாகவே கும்பிட்டான், கேலி இல்லை.

அவன் இப்போது எட்டு மணிக்கு டோக்கனைப் போட்டுவிட்டு உள்ளே போகிறான். எதிர்ச் சுவரோரம் நிழலில் இப்போது நான் நிற்கிறேன். தினமும் போகிறேன், தவறுவதில்லை. சாராளும் சில நாள் அங்கே வந்து உட்காருகிறாள், சுவிசேஷமுத்து இந்த வழியாகத் திரும்பி வரக்கூடும் என்று. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நீ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பாய். புஷ்பம் கேட்டால், என்னைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், உனக்குச் சிரமம் இருக்காது. இந்தக் கடிதத்தை டின்னில் வைக்க வேண்டாம்.

A